விளையாட்டோடு வந்த இதழ்

அவையோருக்கு வணக்கம்.

மேசை விளையாட்டுகளைப் பற்றி எத்தனையோ ஏடுகள் வந்து போயிருக்கின்றன. அவற்றில் ‘ஸ்ட்ராட்டஜி அண்ட் டாக்டிக்ஸ்’ என்ற அமெரிக்கப் போர் விளையாட்டு இதழை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். போர் விளையாட்டு என்றால், வரைபடத்தின் மேல் படைக் காய்களை நகர்த்தி ஒரு போரை ஆடிப் பார்ப்பது. ஒரு சுயேச்சை ஏடு எப்படி எழுகிறது, எந்த இடத்தில் சறுக்குகிறது என்ற இரண்டும் அதன் வரலாற்றில் தெளிவாகத் தெரிகின்றன.

1967 ஜனவரியில் முதல் இதழ் வந்தது. தொடங்கியவர் கிறிஸ்டோபர் வாக்னர், ஜப்பானில் பணியிலிருந்த அமெரிக்க விமானப்படை சார்ஜென்ட். அன்று போர் விளையாட்டு ஆடுவோர் கையில் இருந்தது ‘தி ஜெனரல்’. அத்தகைய விளையாட்டுகளை வெளியிட்ட அவலான் ஹில் நிறுவனம் 1964 முதல் நடத்திவந்த ஏடு அது. தன் விளையாட்டில் உள்ள குறையைத் தன் ஏட்டிலேயே அலச எந்த நிறுவனத்துக்கு மனம் வரும்? அந்த இடைவெளியை நிரப்பத்தான் வாக்னர் வந்தார். நோக்கம் நல்லது, வரவு செலவுதான் ஒத்துவரவில்லை. 1969-இல் ஜேம்ஸ் டனிகன் ஒரே ஒரு டாலர் விலைக்கு இதழை ஏற்றுக்கொண்டார். அவலான் ஹில்லுக்காக ‘ஜட்லேண்ட்’, ‘1914’ ஆகிய விளையாட்டுகளை வடிவமைத்தவர் அவர். வடிவமைப்பைக் கவனிக்க ரெட்மண்ட் சைமன்சன் சேர்ந்தார். இதழையும் விளையாட்டுகளையும் வெளியிட நியூயார்க்கில் எஸ்.பி.ஐ. (சிமுலேஷன்ஸ் பப்ளிகேஷன்ஸ்) நிறுவனம் உருவானது.

டனிகன் செய்த பெரிய மாற்றம், இதழ்தோறும் ஒரு முழு விளையாட்டை உள்ளே வைத்து அனுப்பியது. கேட்கச் சுலபமாக இருக்கும். அச்சகத்தில் நின்று பார்த்தால்தான் பாடு தெரியும். வரைபடத் தாள் 22 அங்குலத்துக்கு 34 அங்குலம். அதை எட்டாக மடித்தால் எட்டரைக்குப் பதினொன்று, அதாவது இதழின் அளவே வந்துவிடும். மடிப்பு விழும் இடத்தில், காய்களை நகர்த்தப் போட்ட அறுகோணக் கட்டத்தின் எண்ணோ, ஆற்றுப் பாலமோ வந்தால் நாலு முறை விரித்து மடித்ததும் மை உதிர்ந்து அந்த இடம் வாசிக்க முடியாமல் போகும். ஆகவே படம் வரைவதற்கு முன்பே மடிப்புக் கோடுகளைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

காய்கள் இன்னும் வம்பு பிடித்தவை. அரை அங்குலச் சதுர அட்டைத் துண்டுகள், ஒரு விளையாட்டுக்கு 100 அல்லது 200. அந்தச் சின்ன முகத்தில் படைவகைக் குறியீடு, படையின் பெயர், தாக்கும் வலிமை, நகரும் தூரம் எல்லாம் அடங்க வேண்டும். குறுக்குக் கோடுகள் போட்ட செவ்வகம் காலாட்படை, நீள்வட்டம் டாங்கிப்படை. டை கட்டிங்கில், அதாவது அச்சுக் கத்தியால் காய்களை வெட்டும்போது, தாள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஓரத்து எண் வெட்டுப்படும். பின்பக்கமும் அச்சிருந்தால் ரெஜிஸ்டர், அதாவது அச்சு விழும் இடம், இரு பக்கமும் பொருந்த வேண்டும். வெட்டு ஆழமாகப் போனால் காய்கள் தபாலிலேயே உதிர்ந்துவிடும். ஆழம் போதாவிட்டால் பிரிக்கும்போது அட்டையின் மேல்தோல் கிழிந்து வரும். இதற்கெல்லாம் மருந்து, எழுத்தை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளிவைப்பதும், முதல் சில தாள்களை வெட்டியதும் கையால் பிரித்துப் பார்ப்பதும்தான்.

விதிகளுக்கு எஸ்.பி.ஐ. பிரிவு எண் போட்டது. 5 என்றால் நகர்வு, 5.1 அதன் முதல் விதி, 5.11 அதன் உட்பிரிவு என்று ஓடும். ஆட்டத்தின் நடுவே சந்தேகம் வந்தால் தேடுவது எளிது. தபாலில் கேள்வி கேட்பவரும் எண்ணைச் சொன்னாலே போதும். விதி எழுதுவோருக்கு இதைவிடப் பயனுள்ள ஏற்பாட்டை அந்தக் காலத்தில் வேறு யாரும் தரவில்லை என்பது என் கருத்து.

இன்னொரு ஏற்பாடு, வாசகர் கருத்து அட்டை. ஒவ்வொரு கட்டுரைக்கும் விளையாட்டுக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண் போடலாம், கருத்தில்லை என்றால் 0. அடுத்து என்ன விளையாட்டு செய்யலாம் என்ற யோசனைகளும் அதிலேயே மதிப்பெண்ணுக்கு வரும். சரக்கைச் செய்துவிட்டு ஆள் தேடாமல், ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சரக்கைச் செய்தார்கள். கடைக்காரர் நடுவில் இல்லாத சந்தா முறை இதற்குக் கைகொடுத்தது. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு விளையாட்டு என்ற கெடு, சோதனை ஆட்டங்களின் நேரத்தைத் தின்றது. அச்சேறிய பிறகு கண்ட ஓட்டைகளுக்குப் பிழைத்திருத்தம் வந்துகொண்டே இருந்தது. 1972-இல் தொடங்கிய துணை இதழான ‘மூவ்ஸ்’ ஆட்ட நுணுக்கங்களை அலசும் இடமானது.

சறுக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஆண்டுக்கு ஆறு இதழ் என்று வைத்துக்கொள்வோம். முதல் இதழை அனுப்பியதும் சந்தாப் பணத்தில் ஆறில் ஒரு பங்குதான் நிறுவனத்துடையது. மீதி ஐந்து பங்கு வாசகருக்குத் தர வேண்டிய பாக்கி. அதைப் பெட்டியில் இருக்கும் லாபமாக எண்ணிச் செலவழித்தால், தாளும் தபாலும் விலை ஏறும்போது பழைய பாக்கியைப் புதிய சந்தாவால் அடைக்க வேண்டி வரும். ஆயுள் சந்தா இன்னும் அபாயம். பணம் ஒருமுறை, அச்சுச் செலவோ ஒவ்வோர் இதழுக்கும். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பணவீக்கம் கடுமையாக இருந்தது.

1982-இல், ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனம், எஸ்.பி.ஐ.யின் சொத்துகளை ஈடாகப் பெற்று அதற்குக் கடன் கொடுத்தது. விரைவிலேயே திருப்பிக் கேட்டது, இவர்களால் முடியவில்லை. சொத்து டி.எஸ்.ஆர். கைக்குப் போனது. சந்தா பாக்கியை மட்டும் அது ஏற்க மறுத்தது. ஆயுள் சந்தாக்காரருக்கும் அதே பதில்தான். வாசகர்களின் கோபம் நியாயமானது. மதிப்பெண் போட்டு அந்த இதழை வளர்த்தவர்களே அவர்கள்தாம். வடிவமைப்பாளர்களில் ஒரு குழுவினர் விலகிப்போய் அவலான் ஹில்லின் கீழ் ‘விக்டரி கேம்ஸ்’ தொடங்கினார்கள்.

இதழ் அதோடு முடியவில்லை. டி.எஸ்.ஆரிடமிருந்து ‘வேர்ல்ட் வைட் வார்கேம்ஸ்’ அதை வாங்கியது. 1991-இல் ‘டிசிஷன் கேம்ஸ்’ வசம் வந்தது. அந்த நிறுவனம் ‘வேர்ல்ட் அட் வார்’, ‘மாடர்ன் வார்’ என்று மேலும் இதழ்களை நடத்தியது. அவற்றிலும் உள்ளே மடித்த வரைபடமும் வெட்டிய காய்களும் உண்டு.