அல்லிக்குளத்துல ஹிஸ்டீரியா கிடைச்சிருச்சு!

மக்களே, வணக்கம். வேற எதுவும் பேசுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. இருங்க, ஃபோகஸ் ஆகட்டும்... ஆங், இப்ப தெரியுதா? முக்கோணம், உள்ள வாயைப் பொளந்து அலறுற முகம். இங்கிலாந்து ராக் பேண்டு டெஃப் லெப்பர்ட்டோட ஆல்பம், ஹிஸ்டீரியா. 1987-ல வந்த எல்பி, அதாவது பெரிய இசைத்தட்டு, அப்பவே அடிச்ச தட்டு. ரெண்டு வருஷமா தேடுறேன்னு உங்களுக்குத் தெரியும். பொங்கல் வீடியோல கூட புலம்பியிருந்தேனே! சனிக்கிழமை அல்லிக்குளத்துல கிடைச்சிருச்சு.

பெரம்பூர்ல லோக்கல் ஏறுனா கடைசி ஸ்டேஷன் பேரே மூர் மார்க்கெட். பழைய மூர் மார்க்கெட் 1985-ல எரிஞ்சுபோச்சு, கடைக்காரங்க பல பேர் அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸுக்கு வந்துட்டாங்க. ரிக்கார்டு வேணும்னா எனக்கு இன்னிக்கும் அங்கதான்.

சரி, விலை. பாய் 2,500-ன்னு ஆரம்பிச்சாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் 1,200-ன்னேன். அவரு ஒரு வார்த்தை பேசல, தட்டை என் கையில இருந்து வாங்கி, பழையபடி அடுக்குல சொருகிட்டாரு. நான் பக்கத்துக் கட்டைப் புரட்டிக்கிட்டே, ஓரக்கண்ணால அது எந்த இடத்துல இருக்குன்னு பாத்துக்கிட்டே நின்னேன். வேற யாராவது எடுத்துட்டா? கை வேர்த்திருச்சு. அப்புறம் மறுபடி எடுத்து டியூப்லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் பாத்தா, ரெண்டாவது சைடுல மயிரிழையா ஒரு கீறல். காட்டுனேன். 2,000-ன்னாரு. நான் படிக்கட்டு வரைக்கும் போயிட்டேன். "யம்மா, வாம்மா, 1,700." நான் 1,500. அந்த இருநூறு ரூபாய்க்கு இருபது நிமிஷம் போச்சு மக்களே. நடுவுல டீ வந்துச்சு, எனக்கும் ஒண்ணு சொன்னாரு. கடைசியில 1,550. கூடவே ஒரு புது பிளாஸ்டிக் உறை. அந்த உறை நானா கேட்டு வாங்குனது! ரயில்ல வீடு வர்ற வரைக்கும் மடியிலயே வச்சிருந்தேன், சீட்டுல கூட சாய்க்கல.

இதுக்கு ஏன் இவ்வளவு துடிக்கிறேன்னா, போன ஞாயித்துக்கிழமை நடந்தது அப்படி. நம்ம மொட்டைமாடி கும்பல்ல எப்பவும் ஓடுற சண்டைதான். மெலோடிக் ஹார்டு ராக்குல, அதாவது மெட்டு தூக்கலா இருக்கிற ராக்குல, ஸ்டுடியோவுல போடுற பாலிஷ் எவ்வளவு இருந்தா நல்லது, எங்க போனா கெட்டது. அண்ணன் இருக்காரே, டர்ன்டேபிள் அண்ணன், போன வீடியோல ஆம்ப்ளிஃபயர் திறந்து காட்டுனாரே, அவரேதான். சொல்றாரு, "பைரோமேனியா ராக்கு. ஹிஸ்டீரியா ஃபேஷியல் பண்ண ராக்கு. எல்லாத்தையும் வழவழன்னு ஆக்கிட்டான், அடியே விழல." எல்லாரும் தலையாட்டுறாங்க. எனக்கு ராத்திரி தூக்கமே வரல.

பைரோமேனியா, ஹிஸ்டீரியாவுக்கு முந்தின ஆல்பம், எனக்கும் உயிர்தான். 1983. அமெரிக்காவுல ரெண்டாவது இடம் வரைக்கும் போச்சு, மேல மைக்கேல் ஜாக்சனோட த்ரில்லர் உக்காந்திருந்ததால ஒண்ணாவது இடம் கிடைக்கல. அதையும் மட் லாங்குதான் தயாரிச்சாரு, ஹிஸ்டீரியாவையும் அவர்தான். அதே கை. அப்ப ஒண்ணுல அடி விழுது, இன்னொண்ணுல விழலன்னா எப்படி?

சனிக்கிழமை சாயங்காலம் ஊசியைத் தொடைச்சு, தட்டைப் போட்டேன். சொல்லவே வாய் வரல... அண்ணன் சொன்ன மாதிரியே இருந்துச்சு! ராக்கெட் பாட்டுல டிரம்ஸ் நெஞ்சுல வந்து மோதணும். இங்க மேஜையைத் தட்டுற மாதிரி கேக்குது. வால்யூம் கூட்டுனா கரகரப்புதான் கூடுது. 1,550 ரூபா. அஞ்சு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன்.

அப்புறம் பின்பக்க அட்டையைத் திருப்பி நேரத்தைக் கூட்டுனேன். பன்னெண்டு பாட்டு, மொத்தம் 62 நிமிஷத்துக்கு மேல. அது முழுக்க ஒரே தட்டுல! சைடுக்கு முப்பத்தியொரு நிமிஷம். ஒரு எல்பி சைடுக்கு இருபது நிமிஷம் சொச்சம்தான் சௌகரியம். பேஸ், அதாவது கீழ்ஸ்தாயி சத்தம், பலமா இருந்தா தட்டுல வெட்டுற கோடு அகலமா ஆடும், இடம் கேக்கும். நீளமான சைடுன்னா இடம் இருக்காது. அப்ப என்ன பண்ணுவாங்க, சத்தத்தைக் குறைச்சு, பேஸை ஒடுக்கி, கோட்டை நெருக்கி வெட்டிருவாங்க. பைரோமேனியா மொத்தமே 45 நிமிஷம். அதே ஊசி, அதே ஸ்பீக்கர், உடனே போட்டுப் பாத்தேன். கர்ஜிக்குது.

அடுத்தது என் ஹிஸ்டீரியா சிடி. முதல் சம்பளத்துல வாங்குனது, மூடி உடைஞ்சது, உங்களுக்குத் தெரியும். போட்டேன். ராக்கெட் வந்துச்சு பாருங்க, ஜன்னல் கம்பி அதிருது! கீழ் வீட்டு ஆன்ட்டி கதவைத் திறந்து பாத்தாங்க. அண்ணன் இத்தனை வருஷமா ஒத்தத் தட்டுலயே கேட்டுட்டு, அந்தப் பழியைத் தூக்கி மட் லாங்கு தலையில போட்டிருக்காரு. 2017-ல முப்பதாவது வருஷப் பதிப்பா ரெண்டு தட்டுல வந்துச்சே, அதைக் கேட்டிருந்தாலாவது பரவாயில்ல.

ஐயோ, ஒண்ணு விட்டுட்டேன். ஊசி. "அவங்க ஊசி சரியில்லப்பா"ன்னு கமென்ட் போடுவீங்க, தெரியும். போன மாசம் ரிச்சி ஸ்ட்ரீட்ல, எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கிற தெருவுல, ஒரு கடையில, பேர் வேணாம், என் மாடலுக்குச் சேராத ஊசியைத் தலையில கட்டிட்டாங்க. ரெண்டு நடை நடந்து மாத்திட்டேன். இப்ப இருக்கிறது சரியான ஊசி. ஆனாலும் முதல் சைடு கடைசிப் பாட்டு, ஆர்மகெடான் இட், அதுல 'ஸ்' வர்ற இடமெல்லாம் சரசரங்குது. அதுக்கும் காரணம் இருக்கு. தட்டோட நடுப்பக்கம் போகப் போக, ஒரு சுத்துல ஊசி ஓடுற தூரம் குறைஞ்சுக்கிட்டே வருது. மேல்ஸ்தாயி சத்தத்தை அங்க திணிச்சுதான் எழுதணும். நீளமான சைடுன்னா கோடு இன்னும் உள்ள வரைக்கும் வந்துரும்.

இப்ப பாலிஷ் விஷயத்துக்கு வர்றேன். இதுல நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த வழவழப்பு சும்மா வந்ததா? 1984 டிசம்பர் 31, டிரம்மர் ரிக் ஆலனுக்கு கார் விபத்து. இடது கை போயிருச்சு. மனுஷன் இடது கால்ல பெடல் மிதிச்சு அடிக்கிற மாதிரி எலக்ட்ரானிக் டிரம்ஸ் செட் பண்ணி, திரும்ப முதல்லேந்து பழகுனாரு. 1986 ஆகஸ்ட்ல இங்கிலாந்துல டோனிங்டன் ராக் திருவிழா மேடையில வந்து வாசிச்சாரு. அவரை மாத்திட்டு வேற ஆளைப் போட்டு ஆல்பத்தை முடிச்சிருக்கலாம். அவங்க காத்திருந்தாங்க. நடுவுல ஜிம் ஸ்டெய்ன்மன்னு வேற தயாரிப்பாளரை வச்சு ஆரம்பிச்சு, ஒத்துவராம விட்டு, மறுபடி லாங்கு வந்து, அவருக்கும் கார் விபத்து. பாடகர் ஜோ எலியட்டுக்கு புட்டாளம்மை. மூணு வருஷத்துக்கு மேல இழுத்துச்சு. கிட்டார்ல சில இடத்துல கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரங்களை, மொத்தமா மீட்டாம, ஒவ்வொரு கம்பியாத் தனித்தனியா வாசிச்சுப் பதிவு பண்ணி அடுக்கியிருக்காங்க. ஒவ்வொரு கம்பியா!

எங்கப்பா ஐசிஎஃப்ல, ரயில் பெட்டி செய்ற ஃபேக்டரியில, பெயின்ட் ஷாப். ரயில் பெட்டிக்கு பட்டி பூசுவாங்க, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாங்க, மறுபடி பூசுவாங்க, மறுபடி தேய்ப்பாங்க. இன்னிக்கும் ரேஷன் கடையில அப்பா விரலை வச்சா மெஷின் எடுக்காது. ரேகை தேஞ்சுபோச்சு. பளபளன்னு ஒரு பெட்டி பெரம்பூரைத் தாண்டிப் போகும்போது அப்பா பேச்சை நிறுத்திட்டுப் பாப்பாரு. அதனால வழவழப்புன்னா உழைப்பே இல்லாததுன்னு யாராவது பேசுனா எனக்குப் பத்திக்கிட்டு வருது.

ஆல்பம் முழுசும் தங்கம்னு சொல்ல வரல. எக்ஸைட்டபிள் எனக்குப் பிடிக்காது, எப்பவும் தள்ளிவிட்டுருவேன். ஆனா அதுக்கு முந்தின பாட்டு, ஹிஸ்டீரியாங்கிற பாட்டு, அதுல ரெண்டு கிட்டாரும் ஒண்ணு விட்ட இடத்துல இன்னொண்ணு எடுக்கும் பாருங்க, ஸ்டீவ் கிளார்க்கும் ஃபில் காலெனும். கண்ணை மூடிட்டுக் கேளுங்க. 1991 ஜனவரியில ஸ்டீவ் இறந்துபோயிட்டாரு. அந்த இடம் வந்தாலே எனக்குத் தொண்டை அடைச்சுக்கும்.

கமென்ட்ல பாஸ்டன்ங்கிற பேண்டோட முதல் ஆல்பம் பத்திக் கேட்டிருந்தீங்க. 1976. அதோட கிட்டாரிஸ்ட் டாம் ஷோல்ஸ் எம்.ஐ.டி.ல படிச்சு போலராய்டுல வேலை பாத்தவரு, பெரும்பகுதியைத் தன் வீட்டு பேஸ்மென்ட்லயே பதிவு பண்ணாரு. அதை யாரும் ஃபேஷியல்னு சொல்றதில்ல, பேஸ்மென்ட்னதும் மரியாதை வந்துருது. ஆனா ஷோல்ஸ் பின்னாடி ராக்மேன்னு ஒரு குட்டி டப்பா செஞ்சாரு, கையடக்கம், கிட்டாரைச் சொருகி ஹெட்ஃபோன்ல கேக்கலாம். ஹிஸ்டீரியாவுல கேக்குற கிட்டார் சத்தம் அந்த டப்பா வழியா வந்ததுதான்! அண்ணன் பாஸ்டனைத் தலையில தூக்கி வச்சு ஆடுவாரு. ஜர்னி பேண்டோட எஸ்கேப் ஆல்பத்துக்குத் தனியா ஒரு வீடியோ போடுறேன், அதைப் பத்தி ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்.

ஆக, வர்ற ஞாயித்துக்கிழமை சிடி பிளேயரைத் தூக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போறேன். அவரு ஆம்ப்ளிஃபயர், அவரு ஸ்பீக்கர், முதல்ல அவரோட தட்டு, அடுத்தது என் சிடி. ரெண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து போடணும், இல்லன்னா சத்தமா இருக்கிறதுதான் ஜெயிக்கும். கேமராவும் எடுத்துட்டுப் போறேன். பிளேயர்ல இருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போற சிவப்பு வெள்ளை வயர்ல வெள்ளைப் பக்கம் அறுந்து கிடக்கு, நாளைக்கு ஆபீஸ் விட்டு நேரா ரிச்சி ஸ்ட்ரீட். அந்தப் பழைய கடைக்குப் போகமாட்டேன்.