உலக்கையும் சோழியும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மனிதரின் சிந்தனையைப் பெரிதும் வார்ப்பது அறிவியலா, கற்பனையா, நம்பிக்கையா என்பது இன்றைய கேள்வி. கற்பனைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

நம்பிக்கை அணித் தோழி கிரகணத்தைப் பற்றிச் சொன்னார். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். இதே புதுச்சேரியில், முத்தியால்பேட்டையில் என் ஆயா வீடு. கிரகணம் பிடித்தால் ஊறுகாய் ஜாடிமேல் தர்ப்பை போடுவார். அப்புறம் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்துவார். கையை எடுத்தாலும் நிற்கும். கிரகணம் விட்டால்தான் விழும் என்பார். எனக்கு அப்போது எட்டு வயது. மறுநாள் மத்தியானம் ஆயா தூங்கும்போது அதே தாம்பாளத்தில் அதே உலக்கையை நிறுத்திப் பார்த்தேன். மூன்று முறை சாய்ந்தது, நான்காவது முறை நின்றுவிட்டது. பூண் அவ்வளவு மட்டம்.

'சோதித்தாயே, அதுதானே அறிவியல்?' என்பார்கள் எதிரணியில். சரி, சோதனை அறிவியல்தான். ஆனால் கிரகணமில்லாத நாளில் உலக்கை நிற்பதை முதலில் மனசுக்குள் பார்த்தேனே, அது எது? அந்தப் படம் வராமல் என் கை உலக்கைக்குப் போயிருக்காது.

1769 ஜூனில் சூரியனை வெள்ளிக் கோள் கடப்பதைப் பார்க்க, பிரெஞ்சு வானியலர் லெ ஜான்தி இந்த ஊரில் காத்திருந்தார். அன்று பார்த்து மேகம் மூடிவிட்டது. அந்த வேதனை ஒருபுறமிருக்க, அவர் கண்ட இன்னொன்றைச் சொல்கிறேன். நம் தமிழர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை அவருக்குக் கணக்கிட்டுக் காட்டினார். கிரகணம் நீடித்த நேரத்தில் அவர் கணக்கு 41 நொடி குறைந்தது. ஐரோப்பாவில் டோபியாஸ் மேயர் என்ற வானியலர் போட்ட சந்திர அட்டவணையோ 68 நொடி கூடியது!

இந்தக் கணக்கில் வரும் ராகுவும் கேதுவும் எவை? சூரியன் பாதையும் சந்திரன் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள். அங்கே போய்ப் பார்த்தால் கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. விழுங்கும் பாம்பு என்று கதை கட்டியது கற்பனை. அந்தப் பாம்பையே புள்ளியாக்கி, சுமார் 18.6 ஆண்டுக்கு ஒருமுறை வானைச் சுற்றி வரவிட்டதும் கற்பனைதான். அந்தப் புள்ளி கிடைத்த பிறகுதான் சோழிக்கே வேலை வந்தது.

உலக்கையை விட்டுவிட்டேனே. ஆயா எழுந்து வந்தார். திட்டுவார் என்று பயந்தேன். நிற்கிற உலக்கையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அப்போ நாளைக்கும் நிக்குமா?" என்று கேட்டார். அவரை எங்கள் அணியில்தான் எண்ணிக்கொள்கிறேன், நடுவர் அவர்களே. நன்றி.