மாணவர் வடிவமைத்த இசை இதழ்: மரபு எங்கே, மீறல் எங்கே?

[திரையில்: ஓர் இசை இதழின் அட்டை. பாடகி ஒருவரின் இடுப்புவரைப் படம். இதழின் பெயர் அவர் தலைக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கிறது.]

இது ஒரு மாணவர் செய்த அட்டை என்று வைத்துக்கொள்வோம். மேலே பெரிய எழுத்தில் பெயர், நடுவில் கேமராவை நேராகப் பார்க்கும் பாடகி, இடப்பக்கம் கவர் லைன்கள் (உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் சின்னத் தலைப்புகள்), கீழ் மூலையில் பார்கோடு. கடையில் விற்கும் இதழ் மாதிரியே இருக்கிறது.

சரி, இந்த இதழின் பெயர் என்ன?

தெரியவில்லை. நடுவில் இருக்கும் எழுத்துகள் பாடகியின் தலைக்குப் பின்னால் போய்விட்டன. ரோலிங் ஸ்டோன் இப்படிச் செய்யும். 1967இல் தொடங்கிய அமெரிக்க இசை இதழ் அது. பாதி எழுத்து தெரிந்தாலே வாசகர் மீதியைத் தானே நிரப்பிக்கொள்வார். நேற்றுப் பிறந்த இதழுக்கு அந்தச் சலுகை கிடையாது. மாணவர் மரபை அப்படியே பின்பற்றியிருக்கிறார், அதனாலேயே மாட்டிக்கொண்டிருக்கிறார்.

[திரையில்: முன் அட்டை, பொருளடக்கம், இரட்டைப் பக்கக் கட்டுரை மூன்றும் வரிசையாக.]

பிரிட்டனில் மீடியா ஸ்டடீஸ் (ஊடகப் பாடம்) படித்த பலருக்கு இந்தப் பயிற்சி பழக்கம். புதிதாக ஓர் இசை இதழை யோசித்து, இந்த மூன்றையும் செய்ய வேண்டும். அப்புறம் ஒரு கேள்வி வரும்: நிஜ இதழ்களின் மரபுகளை உங்கள் இதழ் எப்படிப் பயன்படுத்துகிறது, வளர்க்கிறது, அல்லது எதிர்க்கிறது?

வழக்கமாக வரும் பதில், ‘பெயர் மேலே வைத்தேன், பார்கோடு வைத்தேன், மூன்று கலர் மட்டும் பயன்படுத்தினேன்’ என்று ஆஜர் எடுப்பதுதான். அதில் விளக்கமே இல்லை. ஒவ்வொரு மரபும் ஏதோ ஒரு வேலையைச் செய்வதற்காக வந்தது. அந்த வேலை என்ன என்று தெரியாமல் பின்பற்றினாலும் தவறும், மீறினாலும் தவறும்.

[திரையில்: அலமாரியில் ஒன்றை ஒன்று மறைத்தபடி அடுக்கிய இதழ்கள். இடது ஓரங்கள் மட்டும் தெரிகின்றன.]

கவர் லைன்கள் ஏன் இடப்பக்கம்? கடை அலமாரியில் இப்படி அடுக்கினால் ஒவ்வோர் இதழிலும் இடது ஓரம் மட்டும்தான் வெளியே தெரியும். அந்த ஓரத்தில்தான் ஆளை இழுக்க வேண்டும். பிரிட்டனின் ‘க்யூ’ இதழ் தன் ஒற்றை எழுத்துப் பெயரைச் சிவப்புச் சதுரத்தில் போட்டு இடது மேல் மூலையில் வைத்தது. எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் அந்தச் சதுரம் தப்பித்துவிடும்.

உங்கள் இதழ் அலமாரிக்கே போகப்போவதில்லை, போனில்தான் பார்ப்பார்கள் என்றால்? அப்போது இடப்பக்கக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அட்டை கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கும்போது ஏழெட்டு கவர் லைன்களும் எறும்பு வரிசையாகிவிடும். இரண்டே வரி, பெரிய எழுத்து என்று முடிவெடுக்கலாம். இதை எதிர்ப்பு என்று சொல்வதைவிட வளர்ப்பு என்று சொல்வதுதான் பொருத்தம்: வேலை அதேதான், இடம் மாறிவிட்டது.

[திரையில்: விரிசல் விட்ட கனமான எழுத்துகள். பக்கத்தில் வெள்ளைப் பரப்பில் மெல்லிய எழுத்துகள்.]

எழுத்துரு அடுத்தது. கெராங்! இதழ் 1981இல் வந்தது. கிதாரை ஓங்கி அடித்தால் எழும் ஓசைதான் அதன் பெயர். எழுத்துகளும் உடைந்த கண்ணாடி போல விரிசலோடு இருக்கும். ராக், மெட்டல் என்று படிக்காமலே புரிந்துவிடும். மென்மையான அக்கூஸ்டிக் இசைக்கு அதே விரிசல் எழுத்தைப் போட்டால் வாசகர் குழம்புவார். வேண்டுமென்றே போட்டீர்கள் என்றால், அந்தக் குழப்பத்தால் என்ன லாபம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

[திரையில்: இரண்டாவது மாதிரி அட்டை. கலைஞர் குனிந்து கிதாரைப் பார்க்கிறார். வெளிச்சம் கைகளில் விழுகிறது.]

இந்த இரண்டாவது அட்டையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இசை இதழ் அட்டையில் கலைஞர் நம் கண்ணைப் பார்ப்பது பழைய வழக்கம். கண் கண்ணைச் சந்தித்தால் கை தானாக இதழை எடுக்கும் என்ற நம்பிக்கை. இங்கே கண் கீழே இருக்கிறது. மரபு உடைந்துவிட்டது. ஆனால் படத்திலேயே மிகப் பிரகாசமான இடம் எது என்று பாருங்கள்: தந்தியை அழுத்தும் விரல்கள். முக்கியக் கவர் லைனும் விரல்களுக்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. கண் செய்ய வேண்டிய வேலையைக் கைகளிடம் ஒப்படைத்திருக்கிறார் இந்த மாணவர். என் கணக்கில் இதுதான் உருப்படியான மீறல்.

பெரிய இதழ்களின் மீறலும் இப்படித்தான். 1981 ஜனவரியில் ரோலிங் ஸ்டோன், பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனும் அவர் மனைவி யோகோ ஓனோவும் இருக்கும் படத்தைக் கவர் லைன் ஒன்றுகூட இல்லாமல் அட்டையில் போட்டது. ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படம். எடுத்த அன்றே லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். செய்தி உலகத்துக்கே தெரியும், தலைப்பு சொல்ல எதுவும் மிச்சமில்லை. அதைப் பார்த்துவிட்டு ‘நானும் கவர் லைனை எடுத்துவிட்டேன்’ என்று அறிமுகமே இல்லாத பாடகரின் படத்தைத் தனியாக விட்டால், வாசகருக்கு அவர் யாரென்றே தெரியாது.

[திரையில்: எழுத்துகளுக்குப் பதில் குறியீடுகளால் நிரம்பிய பத்தி.]

வடிவமைப்பாளர் டேவிட் கார்சன் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ரே கன் என்ற இசை இதழில், 1994இல், பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி சலிப்பாக இருக்கிறது என்று, அதை முழுக்க ஸாஃப் டிங்பேட்ஸ் என்ற குறியீட்டு எழுத்துருவில் அச்சிட்டார். ஒரு சொல்கூடப் படிக்க முடியாது. மாணவர்கள் இந்தக் கதையை ஆசையாகச் சொல்வார்கள், பாதியோடு. படிக்கக்கூடிய வடிவமும் அதே இதழின் பின்பக்கத்தில் இருந்தது. அந்தப் பாதி தெரியாமல் கார்சனைத் துணைக்கு அழைக்காதீர்கள்.

[திரையில்: இரட்டைப் பக்கக் கட்டுரை. நடுமடிப்பு சிவப்புக் கோடாகக் காட்டப்படுகிறது.]

உள்ளே போவோம். அட்டையில் துணிச்சல் காட்டியவர்கள்கூட இங்கேதான் சறுக்குகிறார்கள், அதுவும் சின்ன விஷயங்களில். பக்க எண்ணைப் பாருங்கள்: 35, 36. இடமிருந்து வலமாகப் படிக்கும் இதழில் இடது பக்கம் இரட்டைப்படை, வலது பக்கம் ஒற்றைப்படை. 35ம் 36ம் ஒரே தாளின் முன்பக்கமும் பின்பக்கமும். எதிரெதிரே உட்காரவே முடியாது. 34, 35 என்று இருக்க வேண்டும். பொருளடக்கத்தில் இந்தக் கட்டுரைக்குப் பக்கம் 12 என்று போட்டிருந்தால் இன்னும் மோசம். இதை மரபை எதிர்ப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நடுமடிப்பில் பாடகியின் மூக்கு. திரையில் இரண்டு பக்கமும் ஒரே தட்டையான படமாகத் தெரிவதால் இது கண்ணில் படாது. அச்சடித்து மடித்தால் முகம் பாதி உள்ளே போய்விடும். முகத்தை ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். தோளோ பின்னணியோ மடிப்பைத் தாண்டட்டும்.

அப்புறம் எழுத்தின் அளவு. இதழ்களில் கட்டுரை பெரும்பாலும் 9, 10 பாயின்ட்டில்தான் ஓடும். கணினியில் அது சின்னதாகத் தெரிவதால் 14க்கு ஏற்றிவிடுகிறார்கள். அச்சில் அது குழந்தைகள் புத்தகமாகிவிடும், ஒரு வரிக்கு மூன்றே சொல் நிற்கும். ஆங்கிலத்துக்கான இந்த அளவைத் தமிழ் எழுத்துருவுக்கு அப்படியே எடுக்க வேண்டாம். ஒரே பாயின்ட்டில் இரண்டு தமிழ் எழுத்துருக்கள் வேறுவேறு உயரத்தில் நிற்கும். ஒரு பத்தியை நிஜ அளவில் அச்சடித்து, கையில் பிடித்துப் படித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

[திரையில்: இரண்டாவது மாதிரி அட்டை மறுபடியும். பக்கத்தில் இரண்டு வாக்கியங்கள் எழுத்தாக வருகின்றன.]

விளக்கம் எழுதும்போது என்ன வித்தியாசம் என்று இந்த இரண்டு வாக்கியங்களில் பாருங்கள். ஒன்று: ‘கலைஞர் கேமராவைப் பார்க்காததால் மரபை எதிர்த்தேன்.’ இன்னொன்று: ‘என் வாசகர்கள் தாங்களே கிதார் வாசிப்பவர்கள், முகத்தைவிட விரல்கள் எங்கே அழுத்துகின்றன என்பதையே முதலில் பார்ப்பார்கள். அதனால் பார்வையைக் கீழே இறக்கி வெளிச்சத்தைக் கையில் விட்டேன்.’ இரண்டாவது வாக்கியத்தில் ‘மரபு’ என்ற சொல்லே இல்லை. ஆனாலும் மதிப்பெண் போடுபவர் கேட்டதற்கெல்லாம் அதில்தான் பதில் இருக்கிறது.