பாடத் தெரிந்த பிள்ளைக்கு நடிக்கக் கற்றுத்தரும் கல்லூரி

நேயர்களுக்கு என் பணிவான வணக்கம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் 18 ஆண்டுகளாக நாடகம் கற்பித்து வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் பிறந்ததும், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் சில மாணவர்கள் பெற்றோருடன் என்னைத் தேடி வருவார்கள். கல்லூரியில் மியூசிக்கல் தியேட்டர், அதாவது பாட்டும் நடனமும் நடிப்பும் சேர்ந்த இசை நாடகம், படிக்க வேண்டும், எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்பார்கள். அண்மைக் காலத்தில் இப்படி வருகிறவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்களை மனத்தில் வைத்தே இன்று பேச வந்திருக்கிறேன்.

பெரும்பாலோர் கையில் ஒரு தரவரிசைப் பட்டியல் இருக்கும். எந்தக் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் நியூ யார்க்கின் பிராட்வே நாடக மேடைக்குப் போனார்கள் என்ற கணக்கும் இருக்கும். நான் அந்தப் பட்டியலை மறுப்பதில்லை. ஆனால் அதை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கல்லூரிகளின் மூன்றாம் ஆண்டு வகுப்பு அட்டவணையை வாங்கி வரச் சொல்வேன். முதலாண்டில் எல்லாக் கல்லூரியிலும் நடிப்பு வகுப்பு இருக்கும். மூன்றாம் ஆண்டில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நடிப்புக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால்தான், அந்தக் கல்லூரி நடிப்பை அடித்தளமாகக் கருதுகிறதா, பாட்டுக்கும் நடனத்துக்கும் ஒட்டுப்போட வைத்திருக்கிறதா என்பது விளங்கும்.

நடிப்பை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று சிலர் வியக்கலாம். கல்லூரி வாசலுக்கு வரும்போதே நம் பிள்ளைகளின் குரல் பல ஆண்டுப் பயிற்சி பெற்றிருக்கும், கால்களும் அப்படியே. பதினேழு வயதில் மிகக் குறைவாகக் கற்றிருப்பது நடிப்பைத்தான். அமெரிக்க இசை நாடகத்தில், குறிப்பாக 1940களிலிருந்து, பாட்டு என்பது கதையை நிறுத்திவிட்டு வரும் கச்சேரி அன்று. கதை அங்கேதான் நகர்கிறது. பாட்டின் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் ஒரு பாத்திரம் ஏதோ ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும், அல்லது எதையோ இழந்திருக்க வேண்டும். அந்த மாற்றம் நிகழாவிட்டால், எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் அந்தக் காட்சி தோற்றுவிடுகிறது.

இதை என் வகுப்பில் இப்படிச் செய்து பார்ப்போம். மாணவர் தனக்கு மிகவும் பிடித்த பாடலை மெட்டு இல்லாமல், பியானோ இல்லாமல், வெறும் பேச்சாக எதிரே நிற்கும் ஒருவரிடம் சொல்ல வேண்டும். பத்தில் எட்டுப் பேருக்கு மூன்றாவது வரியிலேயே வார்த்தை வெறுமையாகிவிடும். மெட்டு தாங்கிக்கொண்டிருந்ததைத் தாங்க அங்கே வேறு எதுவும் இல்லை. அதன்பின் கேள்விகள் தொடங்கும். இதை யாரிடம் சொல்கிறாய்? அவரிடமிருந்து உனக்கு என்ன வேண்டும்? அதைத் தர விடாமல் அவரைத் தடுப்பது எது? பேச்சாகச் சொல்லியிருக்கலாமே, ஏன் பாட வேண்டியதாயிற்று? பாட்டு தொடங்குவதற்கு முன் பியானோ இரண்டு மூன்று அடிகள் வாசிக்கிறதே, அந்த நேரத்தில் நீ காத்திருக்கிறாயா, யோசிக்கிறாயா? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்த மாணவர் பாடத் தொடங்கும் முன்பே நம் கண் அவர்மேல் பதிந்துவிடும். இத்தகைய வேலையை நான்கு ஆண்டுகள் விடாமல் செய்விக்கும் கல்லூரியைத்தான் நாம் தேடுகிறோம்.

முதலில் பட்டத்தின் பெயரைப் பார்க்க வேண்டும். பி.எஃப்.ஏ. என்பது நுண்கலைப் பட்டம். அதில் பெரும்பகுதி மேடைப் பயிற்சி. பி.எம். என்பது இசைப் பட்டம். ஓஹையோவின் பால்ட்வின் வாலஸ் பல்கலைக்கழகமும் ஓக்லஹோமா சிட்டி பல்கலைக்கழகமும் இசை நாடகத்தை இசைப் பட்டமாகவே வழங்குகின்றன. அவ்வகைப் படிப்பில் இசைக் கோட்பாட்டுக்கும் குரலுக்கும் இடம் அதிகம். பி.ஏ. என்றால் வரலாறும் இலக்கியமும் அறிவியலும் சேர்ந்த பரந்த கல்வி. இவற்றில் ஒன்று உயர்வு, மற்றொன்று தாழ்வு என்று நான் சொல்ல மாட்டேன். சிகாகோவுக்கு அருகிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் இளநிலையில் நுண்கலைப் பட்டம் தருவதில்லை. ஆனாலும் நடிப்புக் கல்வியில் அதன் மதிப்பு மிகப் பெரியது. பட்டத்தின் பெயரைவிட, அந்தப் படிப்பு எந்தத் துறையின் கூரைக்குக் கீழ் நடக்கிறது என்பதே நமக்கு அதிகம் சொல்லும். இசைத் துறையில் இருந்தால் நடிப்பை யார் கற்பிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்; நாடகத் துறையில் இருந்தால் குரல் ஆசிரியருடன் தனி வகுப்பு வாரம் எத்தனை முறை என்று கேட்க வேண்டும்.

ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இந்த வேறுபாட்டைக் காணலாம். நியூ யார்க் பல்கலைக்கழகத்தில் ஸ்டைன்ஹார்ட் பள்ளி இசை நாடகத்தைக் குரலிசைப் படிப்பின் பகுதியாக, இசைப் பட்டமாக வழங்குகிறது. அதே பல்கலைக்கழகத்தின் டிஷ் கலைப் பள்ளியில் நாடகம் நுண்கலைப் பட்டம். அங்கே சேரும் மாணவரை ஸ்டெல்லா ஆட்லர், அட்லான்டிக், நியூ ஸ்டூடியோ ஆன் பிராட்வே போன்ற பயிற்சிக்கூடங்களான ஸ்டூடியோக்களில் ஒன்றில் சேர்க்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் ஸ்டூடியோப் பயிற்சி, மற்ற நாள்களில் ஏட்டுக் கல்வி. இசை நாடகத்துக்கென்று இருப்பது நியூ ஸ்டூடியோ ஆன் பிராட்வே. ஒரு நகரம், ஒரு பல்கலைக்கழகம், இரண்டு வாசல்கள். எந்த வாசலுக்கு விண்ணப்பிக்கிறோம் என்று அறியாமலே விண்ணப்பித்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நடிப்பை நடுவில் வைத்த கல்லூரிக்கு எடுத்துக்காட்டாக நான் முதலில் சொல்வது பிட்ஸ்பர்கிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி. 1914-இல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் அமெரிக்காவில் முதன்முதலாக நாடகத்துக்குப் பட்டம் வழங்கியது. அங்கே இசை நாடக மாணவர்களும் நடிப்பு மாணவர்களும் ஒரே பள்ளியில், நடிப்புப் பயிற்சியைப் பொதுவாகக் கொண்டு வளர்கிறார்கள். பாடாத நடிகர்களோடு ஒரே அறையில் காட்சி ஒத்திகை பார்க்கும் பாடகருக்குத் தன் குரலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் கிடைப்பதில்லை. அந்தக் காரணத்துக்காகவே, எந்தக் கல்லூரிக்குப் போனாலும் "இசை நாடக மாணவர்களுக்கென்று தனி நடிப்பு வகுப்பா, நடிப்பு மாணவர்களோடு சேர்ந்த வகுப்பா?" என்று கேட்கும்படி சொல்கிறேன். தனி வகுப்பு என்றாலே குறை என்பதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் சின்சினாட்டியின் இசைக் கல்லூரியிலும் இசை நாடகத்துக்கென நீண்ட மரபு இருக்கிறது. தனி வகுப்பு என்றால், அங்கே பாடல் இல்லாத நாடகங்களை, செகாவையும் ஷேக்ஸ்பியரையும் எடுத்துப் பயிற்சி செய்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நியூ யார்க்கின் ஜூலியர்ட் கலைப் பள்ளியைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள்: அங்கே நடிப்புக்கு 1968-இல் தொடங்கிய தனிப் பிரிவு உண்டு, இசை நாடகத்தில் பட்டப் படிப்பு கிடையாது.

கல்லூரிகள் தங்கள் விளக்க ஏட்டில் மைஸ்னர், ஆட்லர், ஸ்ட்ராஸ்பெர்க் என்று பெயர்களை அடுக்கும்போது பெற்றோர் திகைத்துப் போவதைப் பார்க்கிறேன். மூவரும் 1931-இல் நியூ யார்க்கில் தோன்றிய குரூப் தியேட்டர் என்ற குழுவில் இருந்தவர்கள். ரஷ்ய நாடக ஆசான் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் முறையை அவரவர் வழியில் வளர்த்தவர்கள். ஸ்ட்ராஸ்பெர்க் நடிகரின் சொந்த நினைவுகளிலிருந்து உணர்ச்சியை எழுப்பச் சொன்னார். 1934-இல் பாரிசில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியையே நேரில் சந்தித்துக் கற்றுத் திரும்பிய ஆட்லர், அதை மறுத்து, நாடகம் தரும் சூழ்நிலையையும் கற்பனையையும் நம்பச் சொன்னார். மைஸ்னர் எதிரே இருப்பவரைக் கவனிப்பதை முதன்மையாக்கினார். இருவர் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒருவர் மாற்றத்தை மற்றவர் உணரும் பயிற்சி அவருடையது. பாடும் பிள்ளைகளுக்கு இந்த மூன்றாவது வழி மிகவும் உதவுவதாக என் அனுபவம் சொல்கிறது. பாடகர் தன் ஒலியைத் தானே கேட்டுப் பழகியவர், பிறரைக் கேட்பதற்குத் தனியே பயிற்சி வேண்டியிருக்கிறது. ஒரு கல்லூரி எந்த வழியைப் பின்பற்றினாலும் சரி. முதலாண்டு ஆசிரியர் கற்பித்ததை மூன்றாம் ஆண்டு ஆசிரியர் அறிந்து அதன்மேல் கட்டுகிறாரா, அல்லது ஆளுக்கொரு வழியில் தொடக்கத்திலிருந்து தொடங்குகிறார்களா என்பதுதான் கேட்க வேண்டியது.

பரதநாட்டியமும் கர்நாடக இசையும் கற்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு சொல். அபிநயம் பழகிய முகமும் தாளம் பழகிய உடலும் பெரிய செல்வம். தேர்வுக் குழுவினர் அதை உடனே கவனிக்கிறார்கள். ஆனால் அபிநயத்தில் பாவம் தெளிவாக வெளியே தெரிய வேண்டும். இங்கே கற்பிக்கும் நடிப்பில் பாத்திரம் தன் உணர்ச்சியை மறைக்க முயல்வதே பல நேரம் காட்சியாகிறது. இரண்டும் ஒன்றோடொன்று பகையல்ல. ஒரு முறையில் ஊறிய பிள்ளை மற்றொன்றைக் கற்கப் பொறுமையுள்ள ஆசிரியர் வேண்டும்.

இனி ஆடிஷன், அதாவது சேர்க்கைக்கான திறன் தேர்வு. இலையுதிர் காலத்தில் பாடல், தனிமொழி (ஒருவர் தனியே பேசும் நாடக வசனம்), நடனம் ஆகியவற்றைப் பதிவுசெய்து காணொளியாக அனுப்ப வேண்டும். அதில் தேறியவர்களையே நேரில் அழைப்பார்கள். ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் நியூ யார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய நகரங்களில் பல கல்லூரிகள் ஒரே இடத்தில் கூடி நடத்தும் ஆடிஷனும் உண்டு. பாடலை 16 பார், 32 பார் (பார் என்பது மெட்டின் தாளக் கட்டு) என்று வெட்டிக் கொடுப்பதில் மாதக்கணக்காக உழைக்கும் மாணவர்கள், தனிமொழியைக் கடைசி வாரத்தில் மனப்பாடம் செய்கிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் பழக்கம். நடிப்பில் வலுவான கல்லூரி அந்த ஒரு நிமிடத் தனிமொழியில்தான் மாணவரை நிறுத்திப் பார்க்கும். "இதையே உன் தாயிடம் சொல்வதுபோல் சொல்" என்று மாற்றிச் செய்யச் சொல்லும். அது மாணவரைச் சோதிப்பது மட்டுமன்று. அந்தக் கல்லூரியின் வகுப்பறை எப்படியிருக்கும் என்பதை நமக்குக் காட்டுவதும் ஆகும். ஆகவே ஆடிஷன் முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் "எப்படிப் பாடினாய்?" என்று கேட்காதீர்கள், "உன்னோடு வேலை செய்தார்களா?" என்று கேளுங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையாகாது. தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டுகிறது. நடிகரின் முதல் சில ஆண்டு வருமானம் கடன் தவணைக்கு ஈடுகொடுக்காது. ஓரளவு நல்ல நடிப்புப் பயிற்சி தரும் சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் கடனின்றிப் படித்துவிட்டு, கோடைகாலங்களில் தனி ஸ்டூடியோக்களில் பயில்வதை நான் துணிந்து பரிந்துரைப்பேன். எங்கள் நியூ ஜெர்சியிலேயே மான்ட்கிளேர் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இசை நாடகத்தில் நுண்கலைப் பட்டம் இருக்கிறது; ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மேசன் கிராஸ் கலைப் பள்ளியில் இசை நாடகம் இல்லை, ஆனால் நடிப்புப் பட்டப் படிப்பின் ஒரு பகுதியை மாணவர்கள் லண்டன் ஷேக்ஸ்பியர் குளோப் அரங்கில் பயில்கிறார்கள். நன்றாகப் பாடும் பிள்ளை நடிப்புப் பட்டம் படித்துக்கொண்டே குரல் பயிற்சியை வெளியே தொடர்வதும் ஒரு நல்ல வழி. அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்திக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று மிகப் புகழ்பெற்றது. ஏப்ரல் மாதத்தில் இரண்டு இடத்துக்கும் போய்த் தலா ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்தாள். புகழ்பெற்ற இடத்தில் மூன்றாம் ஆண்டு நடிப்பு வகுப்பு என்று பெயரிட்டிருந்த நேரம், இறுதியாண்டு ஷோகேஸுக்கான, அதாவது திறமையைக் காட்டும் மேடை நிகழ்ச்சிக்கான, பாடல்களை ஒத்திகை பார்க்கவே போய்விட்டது. மற்ற இடத்தில் ஆசிரியர் ஒரு மாணவரை முதல் வரியிலேயே நிறுத்தி, எதிரே இருந்தவரின் முகத்தைப் பார்க்கச் சொல்லி, அந்த ஒரு வரியிலேயே அரை மணி நேரத்துக்கு மேல் செலவிட்டார். அவள் இரண்டாவது இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். அவள் தந்தைக்கு அதில் முழு உடன்பாடு இருக்கவில்லை.

முடிவுகள் பெரும்பாலும் மார்ச் இறுதிக்குள் வந்துவிடும். மே 1-ஆம் தேதிக்குள் விடை சொல்ல வேண்டும். இடையில் கிடைக்கும் அந்த ஒரு மாதத்தில், இடம் கொடுத்த கல்லூரிக்கு எழுதி, வகுப்பில் அமர்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அரங்கத்தையும் விடுதியையும் சுற்றிக் காட்டும் உலா போதாது. நடிப்பு வகுப்பையே பார்க்க வேண்டும், அதுவும் மூன்றாம் ஆண்டு வகுப்பை. பெற்றோர் வெளியே காத்திருக்கட்டும். பிள்ளை உள்ளே போகட்டும்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.