காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை

நடுவர் அவர்களே, வெள்ளவத்தை மக்களே, வணக்கம். நேரம் குறைவு.

"தடுப்பூசியால் ஓட்டிசம் வரும் என்ற பயத்துக்குக் காரணம் அறியாமையா, பாசமா?" நான் பாசத்தின் பக்கம். ஊசி குற்றவாளி இல்லை என்பதில் இரண்டு அணிக்கும் சண்டையில்லை.

எதிரணித் தம்பி போகிற போக்கில் ஒன்று சொன்னார். "அக்காவுக்குச் சின்ன வயதில் ஊசி கூடிவிட்டது போல, வாய் மூடுதே இல்லை." எல்லோரும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் என் வீட்டுக்காரரும் தட்டினார். அவரை வீட்டில் கவனிக்கிறேன். தம்பி, வதந்தி என்ன? ஊசி போட்டால் ஓட்டிசம் வந்து பிள்ளையின் பேச்சு நின்றுவிடும். நீங்கள் சொல்வது என்ன? ஊசி போட்டும் அக்காவின் பேச்சு நிற்கவில்லை! 1998இல் வேக்ஃபீல்ட் என்ற லண்டன் டொக்டர் 12 பிள்ளைகளை வைத்து இந்த வதந்தியைக் கிளப்பிவிட்ட கட்டுரையை 'லான்செட்' மருத்துவச் சஞ்சிகை திரும்பப் பெற்றது 2010இல். அவருடைய டொக்டர் பதிவும் அதே வருடம் போனது. 12 பிள்ளை, 12 வருடம். தம்பி அந்த வேலையை 12 செக்கனில் முடித்துவிட்டார். வீட்டுக்காரரே, இதற்கும் தட்டுங்கள்!

சரி. டென்மார்க்கில் ஆறரை லட்சம் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் தொடர்பே இல்லை என்று 2019இல் சொன்னார்கள். வெறும் அறியாமை என்றால் பயம் அன்றைக்கே போயிருக்க வேண்டுமே?

கொட்டாஞ்சேனையில் எனக்கொரு சிநேகிதி. கணக்காளர், படித்தவள். மகனுக்கு ஒன்பது மாதத்தில் சின்னமுத்து ஊசி. ஒன்றரை வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. கிளினிக் கார்டில் ஊசி போட்ட திகதியைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று அவளுக்கும் தெரியும். ஆனால் மாமியார் என்ன சொன்னாவாம்? "நீ வேலைக்குப் போனதாலதான் பிள்ளை இப்படி." அந்தப் பழியைச் சுமப்பதைவிட ஊசி மேல் போடுவது அவளுக்கு லேசாக இருந்தது, நடுவர் அவர்களே. இது அறியாமையா?

போன மாதம் சின்னவளுக்கு ஒன்பது மாதம். "தனியப் போகப் பயமாக் கிடக்கு, நீயும் வா" என்றாள். போனேன். தாதி மிஸ் ஊசியை எடுத்ததும் இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தை வீரிட்டது. சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிற அந்தப் பெரியவன், அன்றைக்கு ஒரு கையால்தான் பொத்தினான். மற்றக் கையில் தங்கச்சியின் விரல்.

மணியை அடியுங்கள், நடுவர் அவர்களே. இதற்கு மேல் என்னால் கதைக்க ஏலாது.