ஐஸை நம்பி ஓடிய ஆரஞ்சு நிறப் பெட்டிகள்

(திரையில்: கூட்ஸ் வண்டியின் கூரை மேல் நடக்கும் ஆட்கள்)

பெட்டி மேல் நிற்கிற அந்த ஆளின் கையில் ஒரு நீளக் கம்பி இருக்கிறது பாருங்கள். சுமார் 135 கிலோ எடையுள்ள ஐஸ் பாளத்தை உடைத்து, கூரையில் இருக்கிற மூடியைத் திறந்து உள்ளே தள்ளுகிறார். பெட்டியின் இரண்டு கோடியிலும் ஐஸ் தொட்டி, நடுவில் பழம். ஒரு பெட்டிக்கு ஏறக்குறைய 5 டன் ஐஸ். கலிஃபோர்னியாவில் ஏற்றிய ஆரஞ்சு நியூயார்க் போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை ஏறக்குறைய தினமும் எங்காவது நிறுத்தி இந்த வேலையைச் செய்தாக வேண்டும். பறித்த பிறகும் பழம் மூச்சுவிடும், சூடு கக்கும், விட்டால் அழுகிவிடும்.

சரி, இதை யார் நடத்தினார்கள்? முதலில் ஆர்மர் என்கிற சிகாகோ இறைச்சிக் கம்பெனி. பெட்டியும் அவர்களுடையது, ஐஸும் அவர்களுடையது, அவர்கள் சொன்னதுதான் விலை. விவசாயிகள் கொதித்துப் போய் வாஷிங்டன் வரை புகார் சொன்னார்கள். 1906-இல் வந்த ஹெப்பர்ன் சட்டம் ஐஸ் கட்டணத்தையும் அரசுக் கண்காணிப்பில் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் யூனியன் பசிபிக், சதர்ன் பசிபிக் என்ற இரண்டு ரயில்வேக்களும் பாதிக்குப் பாதி போட்டு ‘பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ்’ ஆரம்பித்தன. இரண்டு ரயில்வேக்கும் அப்போது ஹாரிமன் என்ற ஒரே முதலாளிதான், அதனால் பேரம் சுலபமாகத்தான் முடிந்திருக்கும்!

1907 அக்டோபரில் 6,600 பெட்டிகளோடு தொழில் தொடங்கியது. 1912-இல் உச்ச நீதிமன்றம் இரண்டு ரயில்வேக்களையும் பிரிக்கச் சொன்னது. ஆனால் பங்காளிகள் பிரிந்த பிறகும் பொதுக் கிணறு பொதுவாகவே இருக்குமே, அப்படி இந்தக் கம்பெனி மட்டும் இரண்டு பேருக்கும் சொந்தமாகவே இருந்தது.

(திரையில்: ரோஸ்வில் ஐஸ் ஆலை)

என்னைக் கேட்டால் இது ரயில் கம்பெனியே இல்லை, ஐஸ் கம்பெனி. கலிஃபோர்னியாவின் ரோஸ்வில்லில் இவர்கள் கட்டிய ஆலையைப் பாருங்கள், ஒரு முழு ரயில் நீளத்துக்கு மேடை, இரண்டு பக்கமும் பெட்டிகள். குளிர்காலத்தில் கதையே தலைகீழ்: பழம் உறைந்துவிடக் கூடாது என்று அதே தொட்டிக்குள் கரி அடுப்பை வைத்து அனுப்புவார்கள்.

அப்புறம் உறைய வைத்த ஆரஞ்சு ஜூஸ் வந்தது. அதற்கு மைனஸ் 18 டிகிரி வேண்டும், ஐஸில் உப்பைக் கொட்டினாலும் அந்த அளவுக்குக் குளிர் நிற்காது. 1950-களில் டீசல் இன்ஜினோடு தானே குளிரூட்டிக்கொள்ளும் பெட்டிகள் வந்தன. 1970-களில் ஐஸ் போடுவதே நின்றுபோனது. அதற்குள் நெடுஞ்சாலையில் லாரிகள் பாதிச் சரக்கை அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தன.

1978 ஏப்ரல் 1 அன்று அந்தப் பொதுக் கிணற்றையும் பங்கு போட்டார்கள். பெட்டிகள் ஆளுக்குப் பாதியாகப் போயின.