வேகமாக வளரும் ஸ்டார்ட்அப்பில் புகார்கள் எங்கே போகின்றன?

[திரையில்: செங்குத்தாக ஏறும் ஒரு வளர்ச்சிக் கோடு]

2015 நவம்பர். சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் ஊபர் நிறுவனத்தில் சூசன் ஃபௌலர் என்ற பொறியாளர் வேலைக்குச் சேர்கிறார். ஆரம்பப் பயிற்சியை முடித்துவிட்டு டீமுக்குப் போன முதல் நாளே மேனேஜரிடமிருந்து சாட்டில் வரிசையாகச் செய்திகள் வருகின்றன. எதுவும் வேலை சம்பந்தப்பட்டது இல்லை. சுற்றி வளைத்துப் பாலியல் உறவுக்கு அழைக்கிறார். ஃபௌலர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஹெச்.ஆரிடம் புகார் கொடுத்துவிடுகிறார்.

கையில் எழுத்துப்பூர்வமான ஆதாரம். விஷயம் அன்றைக்கே முடிந்திருக்க வேண்டும், இல்லையா?

ஹெச்.ஆர். சொன்ன பதிலை அவரே பின்னால் எழுதியிருக்கிறார். அந்த மேனேஜர் மிக நன்றாக வேலை செய்பவராம். அவர்மீது வந்த முதல் புகார் இதுதானாம். அதனால் கண்டித்து விட்டுவிடுவார்களாம். ஃபௌலருக்கு இரண்டு வழிகள் தரப்பட்டன. ஒன்று, வேறு டீமுக்குப் போய்விடலாம். இல்லையென்றால் அதே டீமில் இருக்கலாம். ஆனால் அப்ரைசலில் அந்த மேனேஜர் மதிப்பெண்ணைக் குறைத்தால் யாரும் எதுவும் செய்ய முடியாது. வேறு வழியைத்தான் முன்பே காட்டிவிட்டோமே, அதனால் அது பழிவாங்கல் ஆகாது என்றும் விளக்கினார்கள்.

அவர் வேறு டீமுக்குப் போனார். அங்கே மற்றப் பெண்களிடம் பேசியபோதுதான், தான் சேர்வதற்கு முன்பே அதே ஆள்மீது புகார்கள் போயிருந்தது தெரிந்தது.

[திரையில்: "நன்றாக வேலை செய்பவர்"]

இந்த ஒரு காரணத்தைப் பற்றித்தான் இந்த வீடியோ. கெட்ட மேனேஜர் எந்த ஊரிலும் எந்த நிறுவனத்திலும் இருப்பார். அவரை யார், எதற்காகக் காப்பாற்றுகிறார்கள் என்பதே நம் கேள்வி.

முதலில் ஹெச்.ஆர். விஷயம். சில டஜன் பேர் இருந்த நிறுவனம் ஓரிரு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானவர்களாக ஆகும்போது, ஹெச்.ஆருக்கு நடைமுறையில் ஒரே வேலைதான்: ஆள் எடுப்பது. இந்த மாதம் எத்தனை பேரைச் சேர்த்தீர்கள் என்று மேலிடம் கேட்கும். எத்தனை புகார்களை ஒழுங்காக விசாரித்தீர்கள் என்று பெரும்பாலும் கேட்காது. மேனேஜர்கள் பக்கமும் இதே கதைதான். ஆரம்பத்தில் சேர்ந்து நன்றாக ப்ரோகிராம் எழுதினார் என்பதற்காகவே ஒருவர் கீழே ஐம்பது பேர் வந்து நிற்பார்கள். ஆட்களை நடத்துவது தனி வேலை, அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் சுவரில் எழுதிய கொள்கைகள். ஊபரில் 14 இருந்தன. அவற்றில் ஒன்று, திறமைக்கே முதலிடம், அதற்காக மற்றவர் காலை மிதித்தாலும் பரவாயில்லை என்கிற பொருளில் அமைந்தது. நல்ல யோசனை இருந்தால் பதவி பார்க்காமல் பேசு என்ற நல்ல அர்த்தமும் அதில் இருந்திருக்கலாம். நடைமுறையில் அது கத்துகிறவருக்குக் கிடைத்த லைசென்ஸ் ஆனது. பின்னால் நடந்த விசாரணையே, மோசமான நடத்தையை நியாயப்படுத்த இது பயன்பட்டது என்று சொல்லி, இதையும் வேறு சில கொள்கைகளையும் எடுத்துவிடப் பரிந்துரைத்தது.

கறக்கிற மாடு உதைத்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். நிறுவனத்தில் ஒரு வித்தியாசம்: உதை வாங்குகிறவர் ஒருவர், பால் குடிக்கிறவர் வேறொருவர்.

[திரையில்: 25% → 6% → 3%]

ஃபௌலர் சேர்ந்தபோது அவருடைய பிரிவில் 25 சதவீதத்துக்கும் மேல் பெண்கள் இருந்தார்கள். அவர் வேறு பிரிவுக்கு மாற முயன்ற நேரத்தில் அது 6 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. அந்த மாற்றத்தையும் தடுத்தார்கள். நல்ல மதிப்பெண் என்று முதலில் வந்த அப்ரைசல் பிறகு சத்தமில்லாமல் குறைக்கப்பட்டது. 2016 டிசம்பரில் அவர் வெளியேறியபோது, அவர் இருந்த குழுக்களின் 150-க்கும் மேற்பட்ட பொறியாளர்களில் பெண்கள் 3 சதவீதம்தான்.

இடையில் ஒரு ஜாக்கெட் கதையும் உண்டு. அந்தப் பிரிவில் எல்லோருக்கும் லெதர் ஜாக்கெட் என்று அளவெடுத்தார்கள். கடைசியில் 120-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு ஜாக்கெட் வந்தது. மீதமிருந்த ஆறு பெண்களுக்கு இல்லை. ஆறு பேருக்கு மொத்த விலைத் தள்ளுபடி கிடைக்காதாம்! முதலீட்டாளர்கள் 6,000 கோடி டாலருக்கும் மேல் மதிப்புப் போட்ட நிறுவனம் அது.

சரி, இவ்வளவு நடந்தும் ஏன் எல்லோரும் உடனே கிளம்பிவிடுவதில்லை? அதற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை, பணக் கணக்கும்தான்.

அமெரிக்க ஸ்டார்ட்அப்களில் சம்பளத்தோடு ஸ்டாக் ஆப்ஷனும் தருவார்கள். அதாவது, நிறுவனப் பங்கை இன்று நிர்ணயித்த விலைக்கே பிற்காலத்தில் வாங்கும் உரிமை. அது மொத்தமாகக் கைக்கு வராது. வழக்கமான கணக்கு நான்கு ஆண்டுகள். முதல் ஆண்டு முடிவதற்குள் போனால் ஒன்றுமே கிடையாது. 11 மாதம் தாங்கியவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் இருப்பது இதனால்தான். நான்கு ஆண்டு முடித்துவிட்டுப் போனாலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது: பெரும்பாலான ஒப்பந்தங்களில், வேலையை விட்ட 90 நாட்களுக்குள் சொந்தக் காசைப் போட்டு அந்தப் பங்குகளை வாங்கிவிட வேண்டும். நிறுவனம் இன்னும் பங்குச் சந்தைக்கு வராததால் அவற்றை எளிதில் விற்கவும் முடியாது. பங்கின் மதிப்பு ஏறியிருந்தால் விற்காத பங்குக்கே வரி வரலாம். வளர்ச்சி எவ்வளவு வேகமோ, கதவைத் திறந்து வெளியே போவது அவ்வளவு செலவு. சகித்துக்கொள்கிறவர்களைக் கோழை என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இதே வேகம் சட்டத்தையும் மிதிக்கும். ஜெனஃபிட்ஸ் என்ற நிறுவனம் 2013-இல் தொடங்கி 2015-இல் 450 கோடி டாலர் மதிப்பைத் தொட்டது. அவர்கள் இன்ஷூரன்ஸ் விற்றார்கள். கலிஃபோர்னியாவில் அதற்கு உரிமம் வேண்டும், அப்போது 52 மணி நேர ஆன்லைன் பயிற்சி கட்டாயமாக இருந்தது. நிறுவனர் பார்க்கர் கான்ராட், படிக்காமலே அந்தப் பயிற்சியின் நேரக் கணக்கை ஓடவிடும் ஒரு சிறு மென்பொருளை எழுதி ஊழியர்கள் பயன்படுத்த வழி செய்தார். 2016 பிப்ரவரியில் அவர் பதவி விலகினார், அந்த ஆண்டே மாநில அரசு 70 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஆனால் படித்ததாகக் கையெழுத்துப் போட்டது ஊழியர்கள். உரிமம் அவர்கள் பெயரில்தான்.

[திரையில்: 19 பிப்ரவரி 2017]

ஊபருக்குத் திரும்புவோம். அன்றைக்கு ஃபௌலர் நடந்ததையெல்லாம் எழுதி இணையத்தில் வெளியிட்டார். அதுவரை அசையாதது அப்புறம் மளமளவென்று அசைந்தது. அமெரிக்காவின் முன்னாள் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் விசாரணைக்கு அமர்த்தப்பட்டார். தனியாக இன்னொரு சட்ட நிறுவனம் 215 புகார்களை எடுத்துப் பார்த்தது. 20 பேருக்கு மேல் வேலை போனது. ஹோல்டரின் பரிந்துரைகளில் பெரியவையும் உண்டு, விசித்திரமாகத் தோன்றும் சிறியவையும் உண்டு. அலுவலகத்தில் தரும் இரவுச் சாப்பாட்டை, வீட்டில் குடும்பம் காத்திருக்கும் ஊழியர்களும் பயன்படுத்தும் நேரத்துக்கு மாற்றச் சொன்னார். என்னைக் கேட்டால் அந்த அறிக்கையிலேயே கூர்மையான வரி அதுதான். யாருடைய நேரத்துக்கு மதிப்பு இல்லை என்பதைச் சாப்பாட்டு நேரமே காட்டிவிடும்.

அந்தப் பரிந்துரைகளை ஊழியர்களிடம் சொல்லக் கூட்டிய கூட்டத்திலேயே, பெண்கள் அதிகம் பேசுவார்கள் என்று இயக்குநர் குழு உறுப்பினர் ஒருவர் கிண்டலடித்தார். அன்றே ராஜினாமா செய்தார். ஒரு வாரம் கழித்துத் தலைமைச் செயல் அதிகாரி டிராவிஸ் கலானிக்கும் விலகினார். முதலீட்டாளர்கள்தான் நெருக்கினார்கள்.

இப்படியோர் இடத்தில் இன்டர்வியூவுக்குப் போகிறீர்கள் என்றால், கலாசாரம் எப்படி என்று கேட்காதீர்கள். அழகான பதில்தான் வரும். நன்றாக வேலை செய்யும் ஒருவரை, நடத்தைக்காக வெளியே அனுப்பியிருக்கிறீர்களா என்று கேளுங்கள். நீங்கள் சேரப்போகும் இடத்தில் முன்பு இருந்தவர் ஏன் போனார் என்று கேளுங்கள். முடிந்தால் அவரையே தேடிப் பேசுங்கள்.

ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் என்ற பகுதியையும் பாருங்கள். தகராறு வந்தால் நீதிமன்றம் போகாமல் தனியார் நடுவரிடம் மூடிய கதவுக்குள் முடித்துக்கொள்வதாக நீங்கள் தரும் சம்மதம் அது. பாலியல் தொல்லை, பாலியல் தாக்குதல் வழக்குகளில் அதைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அமெரிக்கா 2022 மார்ச்சில் சட்டம் கொண்டுவந்தது. மேனேஜர் கத்துவது, சம்பள பாக்கி ஆகியவற்றுக்கு மட்டும் என்றால் அந்தச் சட்டம் உதவாது. அங்கே நீங்கள் போட்ட கையெழுத்துதான் பேசும்.